பூவுக்குப் பின்னால் வந்த பையன்

நார்சிசஸ் என்ற அழகான பையன் சுனைத் தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தையே பார்த்து மயங்கினான். எழுந்து போக மனமில்லாமல் கரையிலேயே கிடந்து உருகிச் செத்தான். அந்த இடத்தில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒரு பூ முளைத்தது. அவன் பெயரே பூவுக்கும் ஆயிற்று. ஐரோப்பாவின் இளவேனில் பூக்களில் மிகச் சாதாரணமான ஒன்றுக்குப் பெயர்க் காரணமாகப் பள்ளிப் புத்தகம் முதல் தோட்டக்கலைக் கையேடு வரை சொல்லப்படுவது இதுதான். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தலைகீழாக இருக்கிறது. பூவின் பெயர் முதலில் இருந்தது, பையன் பிறகு வந்தான். இதைப் பழைய கிரேக்கர்களே கவனித்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதைப் பெயராராய்ச்சிக்காரரின் சிறு திருத்தமாக எண்ணி ஒதுக்கிவிடலாம். ஆனால் இதன் அடியில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு பெயரின் தோற்றத்தைத் தெரிந்துகொண்டால் அந்தப் பொருளின் உண்மையைத் தெரிந்துகொண்டதாக ஆகுமா? ஆகும் என்றுதான் சமயங்கள் பெரும்பாலும் நம்பி வந்திருக்கின்றன. தெய்வத்தின் ஒவ்வொரு திருநாமத்தையும் வேர் பிரித்துப் பொருள் காண்பது நம் நாட்டில் ஒரு பெரிய உரைமரபு. கிரேக்கத்திலும் அப்படிப்பட்ட பழக்கம் உண்டு. நார்சிசஸ் அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. அதன் பெயரில் நமக்கு எட்டும் பொருள் எதுவும் இல்லை; இல்லாததால்தான் கதை வந்தது; கதைக்கு வெகு முன்னால் அந்தப் பூவைச் சூடி வழிபட்டவர்களுக்குப் பொருளும் தேவைப்படவில்லை, கதையும் தேவைப்படவில்லை.

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். ஒரு பெயருக்குள் பல செடிகள் இருக்கின்றன. மலைப்புல்வெளிகளில் வளரும் ஒரு வகையில், ஒரு தண்டுக்கு ஒரே பூ. ஆறு வெள்ளை இதழ்கள் விரிந்திருக்க, நடுவில் தட்டையான சின்ன மஞ்சள் கிண்ணம், அதன் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு. இதற்குத்தான் லின்னேயஸ் 1753-இல் ‘நார்சிசஸ் பொயட்டிகஸ்’ என்று பெயரிட்டார், கவிஞர்களின் நார்சிசஸ் என்று. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் டசெட்டா என்ற வகை வேறு மாதிரி: ஒரே தண்டின் உச்சியில் சிறுசிறு பூக்கள் கொத்தாக வரும், வாசனை ஒரு அறையையே நிறைக்கும். இங்கிலாந்தில் எங்கும் காணப்படும் நீண்ட மஞ்சள் குழல் கொண்ட டஃபோடில் மூன்றாவது வகை. தாவரவியலின் தந்தை எனப்படும் தியோஃப்ராஸ்டஸ் இந்தப் பெயரால் குறிப்பதோ இலையுதிர் காலத்தில் பூப்பது. பெரும்பாலான வகைகளுக்குப் பொதுவாக ஒன்று உண்டு. மொட்டு காகிதம் போன்ற ஒரு உறைக்குள் நிமிர்ந்து நிற்கும். உறை கிழிந்து மலரப் போகும் நேரத்தில் காம்பு கழுத்தருகே வளைந்து, பூ பக்கவாட்டில் அல்லது சற்றுக் கீழ்நோக்கித் திரும்பிக்கொள்ளும். தலை குனிந்து தண்ணீரைப் பார்க்கிறது என்று கதைக்காரர்கள் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

இந்தப் பூவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரம், ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதியில் இருக்கிறது. கி.மு. 7 அல்லது 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாட்டு. 1777-இல் மாஸ்கோவில் கிடைத்த ஒரே ஒரு சுவடியால் நமக்குப் பிழைத்து வந்தது. அதில் விளைச்சல் தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்செபொனி தோழிகளோடு புல்வெளியில் ரோஜா, குங்குமப்பூ, ஊதாப்பூ, ஐரிஸ் எல்லாம் பறித்துக்கொண்டிருக்கிறாள். பாதாளத்தின் அரசன் ஹேடிஸுக்காக, சீயஸின் சம்மதத்தோடு, பூமித்தாய் ஒரு பொறியை முளைக்க வைக்கிறாள். அதுதான் நார்சிசஸ். ஒரே வேரிலிருந்து நூறு தலையோடு அது எழுகிறது. அதன் வாசனையில் வானும் மண்ணும் கடலும் சிரிக்கின்றன. பெண் இரண்டு கையையும் நீட்டுகிறாள், நிலம் பிளக்கிறது, தேரில் வந்தவன் தூக்கிப் போகிறான். நூறு தலை என்பதையும் வாசனையையும் வைத்து இது கொத்துப்பூவான டசெட்டாவாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இங்கே பையனும் இல்லை, சுனையும் இல்லை, தன்னைத் தானே காதலிப்பதும் இல்லை. இந்தப் பூவை ஏந்துபவள் தன்னைப் பார்க்கவே இல்லை, கைநீட்டித் தானே பறிக்கப்படுகிறாள். பையன் கதையை முழுதாகச் சொல்பவர்கள் ஓவிட், கோனோன் போன்றவர்கள். இருவரும் ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்தவர்கள். ஓவிட்டின் நூல் கி.பி. 8 வாக்கில் முடிந்தது. இடைவெளி ஏறத்தாழ அறுநூறு ஆண்டு.

அகஸ்டஸ் காலத்துக்கு முன்பும் ஊர்வாய்க் கதையாக அது இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கும். போயோட்டியா நாட்டில் தெஸ்பியா ஊர்க்காரர்கள் தங்கள் எல்லையிலுள்ள ஒரு சுனையை நார்சிசஸின் சுனை என்று காட்டினார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயண எழுத்தாளர் பௌசானியாஸ் சுனையை விவரித்துவிட்டு, காதலிக்கும் வயது வந்த ஒருவனுக்கு ஆளுக்கும் நிழலுக்கும் வேறுபாடு தெரியாதா என்று எரிச்சலோடு கேட்கிறார். பிறகு அவர் சொல்லும் வாதம்தான் முக்கியம். பாம்போஸ் என்ற புலவர் இந்த நார்சிசஸுக்கு எத்தனையோ ஆண்டு முற்பட்டவர். பெர்செபொனி கவரப்பட்டபோது அவளை ஏமாற்றியது ஊதாப்பூ அல்ல, நார்சிசஸ் பூ என்று அவரே பாடியிருக்கிறார். ஆகவே பூ பையனுக்கு முந்தியது. பாம்போஸின் காலத்தைப் பற்றிய பௌசானியாஸின் கணக்கை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்தது சரியான வேலை: எந்தச் சான்று பழையது என்று பார்த்து, கதையை அதன் பின்னால் நிறுத்தினார். சமயக் கதைகளை ஆராய வெளியிலிருந்துதான் ஒருவர் வரவேண்டும் என்பதில்லை என்பதற்கும் அவரே உதாரணம். அவர் டிமீட்டரின் பக்தர். அவளுடைய எலூசிஸ் கோயிலுக்குள் இருப்பதை எழுதக்கூடாது என்று கனவில் தடை வந்ததாகச் சொல்லி எழுதாமல் விட்டவர்.

கதையைத் தள்ளியவர்களில் இன்னொருவர் ரோம எழுத்தாளர் பிளினி. தம் இயற்கை வரலாற்றின் 21-ஆம் புத்தகத்தில், பூவுக்குப் பெயர் அந்தக் கதைப்பையனால் வரவில்லை, மரத்துப்போதலைக் குறிக்கும் ‘நார்க்கே’ என்ற கிரேக்கச் சொல்லால் வந்தது என்கிறார். கிழங்கு வாந்தி வரவழைக்கும், தலையைக் கனக்க வைக்கும் என்பது அவர் காட்டும் ஆதாரம். புளூட்டார்க்கும் இதே வழியில் போய், மரத்துப்போக வைக்கும் பூ பாதாள தெய்வங்களுக்கு மாலையாவது பொருத்தம்தான் என்கிறார். நார்கோட்டிக் என்ற மருத்துவச் சொல் அந்த வேரிலிருந்தே வந்தது. செடியில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் இருப்பதும் உண்மை. வெங்காயம் என்று நினைத்துக் கிழங்கைச் சமைத்துத் தின்று அவதிப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. கதையை விட இது கண்ணியமான விளக்கமாகத் தெரிகிறது, இல்லையா? அறிவியலின் வாடை அடிக்கிறது. ஆனால் இதுவும் நிற்காது.

ஏன் நிற்காது என்பதற்கு நம் நாட்டுப் பழைய வழக்கு ஒன்று கைகொடுக்கிறது. வேதச் சொற்களுக்கு வேர் காணும் யாஸ்கரின் நிருக்தத்தில் ஒரு விவாதம் பதிவாகியிருக்கிறது. பெயர்ச்சொற்கள் எல்லாம் வினையிலிருந்து பிறந்தவையே என்பது சாகடாயனர் கட்சி. எல்லாம் அப்படி அல்ல என்பது கார்க்கியர் கட்சி. வழியில் விரைந்து போவதால் குதிரைக்கு அந்தப் பெயர் என்றால், வழியில் போகிற எல்லாவற்றையும் குதிரை என்று அழைக்கவேண்டியதுதானே என்று கார்க்கியர் மடக்குகிறார். பிளினியிடம் இதையே கேட்கலாம். மயக்கம் தருவதால் பெயர் என்றால், அந்தப் பெயர் முதலில் கசகசாச் செடிக்கல்லவா போயிருக்கவேண்டும்? அபினியைக் கிரேக்கர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். டிமீட்டரின் கையிலேயே கசகசாத் தலையைச் செதுக்கி வைத்தார்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன பெயர் ‘மேக்கோன்’. உண்மையாகவே தொட்டால் மரத்துப்போக வைக்கும் ஒரு உயிர் அவர்கள் கடலில் இருந்தது: மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீன். அதை நேராக ‘நார்க்கே’ என்றே அழைத்தார்கள். பிளாட்டோவின் மேனோன் உரையாடலில், தன் வாயைக் கட்டிப்போட்ட சாக்ரடீஸை மேனோன் ஒப்பிடுவது இந்த மீனோடுதான். ஆனால் கார்க்கியரின் வாதம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேற்றில் பிறப்பவை எத்தனையோ இருக்க, தாமரை மட்டும் பங்கயம் என்ற பெயர் பெறவில்லையா? காரணம் பொதுவாக இருந்தும் பெயர் ஒன்றுக்கே உரிமையாகலாம் என்று யாஸ்கரே பதில் சொல்லியிருக்கிறார். வேறுபாடு சொல்லின் உடம்பில் இருக்கிறது. பங்கயத்தைப் பிரித்தால் சேறு என்ற பகுதியும் பிறந்தது என்ற பகுதியும் மிச்சமில்லாமல் வடமொழியிலேயே விளங்குகின்றன. நார்சிசஸின் கிரேக்க வடிவமான நார்கிஸ்ஸோஸ் என்பதிலிருந்து ‘நார்க்’கை எடுத்துவிட்டால் ‘இஸ்ஸோஸ்’ என்று ஒரு வால் மிஞ்சுகிறது. கிரேக்க மொழி தன் சொல்லிலிருந்து பூப்பெயர் ஆக்கும்போது அந்த வாலைச் சேர்ப்பதில்லை. அந்த வால் வேறு எங்கே வருகிறது? சைப்ரஸ் மரத்தின் பெயரான கிப்பாரிஸ்ஸோஸில், ஏதென்ஸ் அருகே ஓடும் இலிஸ்ஸோஸ் ஆற்றில், சற்றே மாறிப் பார்னாஸ்ஸோஸ் மலையில். அதாவது மரம், ஆறு, மலை இவற்றுக்குக் கிரேக்கர் வருமுன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள் வைத்த பெயர்களில். அந்த மக்களின் மொழி எழுத்தில் பிழைக்கவில்லை. பூவின் பெயரைக் கிரேக்கர்கள் நிலத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள், பொருள் கைமாறவில்லை.

இதிலிருந்து கதைகளைப் பற்றி ஒரு சுவையான முடிவு கிடைக்கிறது. செத்துப்போய்ச் செடியான இளைஞர்கள், இளம்பெண்கள் கிரேக்கக் கதையில் நிறையப் பேர். ஹயாகிந்தோஸ் பூவானான், கிப்பாரிஸ்ஸோஸ் மரமானான், மிந்தே என்ற பெண்ணைப் பெர்செபொனி மிதித்துப் புதினாவாக்கினாள், தாஃப்னே லாரல் மரமானாள். ஆளின் பெயரும் செடியின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் இந்த வரிசையில் ‘இந்தோஸ்’, ‘இஸ்ஸோஸ்’ என்ற அதே வேற்று வால்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். தாஃப்னேயும் கிரேக்க வேர் இல்லாத சொல்தான். இப்போது மறுபக்கம். அனிமோன் என்ற பூவின் பெயர் கிரேக்கக் காதுக்குக் காற்று என்று தெளிவாகக் கேட்டது. அந்தப் பூவுக்கும் ஒரு சாவுக் கதை உண்டு. ஆனால் செத்தவன் பெயர் அனிமோன் அல்ல, அடோனிஸ். சூரியனை நோக்கித் திரும்புவது என்று வெளிப்படையாகப் பொருள்படும் ஹீலியோட்ரோப் பூவாக மாறியவள் கிளித்தியே. பெயரே காரணத்தைச் சொல்லும் இடத்தில் அதே பெயரில் ஒரு ஆளை உண்டாக்கும் தேவை எழவில்லை. பெயர் ஊமையாக நிற்கும் இடத்தில்தான் அது யாருடைய பெயர் என்ற கேள்வி எழுந்து, ஒரு பையனோ பெண்ணோ பிறக்கிறார்கள். ரோஜாவின் கிரேக்கப் பெயரும் கிழக்கிலிருந்து வந்த ஊமைப் பெயர்தானே, அதற்கு ஏன் ஒரு பையன் இல்லை என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயம்தான். ஊமைப் பெயர் எல்லாம் கதை பெற்றே தீரும் என்பது என் வாதமல்ல. ஆளும் பூவும் ஒரே பெயரைப் பகிரும் இடத்தில் பெயர் ஊமையாக இருக்கும் என்பதே வாதம். வட ஐரோப்பாவில் இதே இனத்து மஞ்சள் பூவுக்கு ஜெர்மானியர் ஈஸ்டர் மணி என்றும், ஆங்கிலேயக் கிராமத்தார் தவக்கால அல்லி என்றும் பெயரிட்டார்கள். பூக்கும் காலமே பெயரானபடியால் அதே பெயரில் ஆள் யாரும் தேவைப்படவில்லை.

தமிழ் படித்தவருக்கு இங்கே நன்னூலின் இடுகுறி, காரணம் என்ற பிரிவு நினைவுக்கு வராமல் இருக்காது. அதற்கும் முன்னால் தொல்காப்பியர், சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் விளங்காது என்கிறார். காரணமே கிடையாது என்று அவர் சொல்லவில்லை; கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாது என்கிறார். இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. நார்கிஸ்ஸோஸ் என்று முதலில் சொன்ன வாய்க்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அது போனபின் நாமாக ஒன்றை வைத்து நிரப்புவது காரணம் கண்டதாகாது. பிளாட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலில் சாக்ரடீஸும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வருகிறார். பெயர் இயற்கையாகவே பொருளோடு பொருந்துவது என்கிறான் கிராட்டிலஸ். மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு என்கிறான் ஹெர்மோஜெனிஸ். சாக்ரடீஸ் பக்கம் பக்கமாக வேர் பிரித்துக் காட்டுகிறார், பாதி விளையாட்டாக. நடுவில் ஒரு முக்கியமான வாக்குமூலம் தருகிறார்: நெருப்பைக் குறிக்கும் சொல் அயல் மொழியிலிருந்து வந்திருக்கலாம், அப்படிப்பட்டவற்றுக்குக் கிரேக்கத்திலேயே பொருள் தேடினால் முட்டிக்கொண்டுதான் நிற்போம். பிளினி இதைப் படித்திருக்கலாம். கடைசியில் சாக்ரடீஸ், பொருள்களைப் பெயர் வழியாக அறிவதை விட அவற்றைக்கொண்டே அறிவது மேல் என்று முடிக்கிறார். கிராட்டிலஸ் பிற்காலத்தில் பேசுவதையே விட்டுவிட்டு விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பெயரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தோற்றத்தை விடுங்கள், ஓவிட்டின் கதை மனிதனைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டதே. அந்த உண்மைதானே இன்று அந்தப் பெயரின் பொருள்? மறுக்கமாட்டேன். டெல்ஃபி கோயில் உன்னை அறி என்றது; ஓவிட்டின் தீர்க்கதரிசி டைரேசியஸ், தன்னை அறியாமல் இருந்தால் இவன் நெடுநாள் வாழ்வான் என்கிறான். சமயத்தின் தலையாய கட்டளையை ஒருவனுக்குச் சாபமாகத் திருப்பிப்போட்ட அந்தத் துணிச்சல் பெரிய கவிஞனுடையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹேவ்லாக் எல்லிஸும் பால் நேக்கேயும் பையன் பெயரை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள்; 1914-இல் ஃபிராய்ட் அதைத் தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார்; இன்று அது ஒரு வசைச்சொல். எல்லாம் சரி, அவை பையனைப் பற்றிய உண்மைகள். பூவைப் பற்றியவை என்று எண்ணும்போதுதான் பிழை. அதே பெயர் நர்கிஸ் என்று பாரசீகத்தில் வழங்கியது. அங்கே கவிதையில் அது காதலியின் மயக்கும் கண். ஷியா மரபில் பன்னிரண்டாம் இமாமின் தாயாருக்கு அந்தப் பெயர். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெண் குழந்தைக்கு நர்கிஸ் என்று பெயர் வைப்பவர்கள் தற்பெருமைக்காரியாக வளரட்டும் என்று வைப்பதில்லை. ஒரு பெயர் ஒரு கரையில் நோயாகவும் மறு கரையில் வாழ்த்தாகவும் இருக்க முடிகிறதென்றால், இரண்டும் பெயருக்குள்ளிருந்து வந்தவை ஆகமாட்டா.

அப்படியானால் எந்தப் பொருளையும் எந்தப் பெயரிலும் ஏற்றலாமா, பூவுக்கும் அதன் அர்த்தத்துக்கும் ஒட்டே இல்லையா என்பது அடுத்த கேள்வி. ஒட்டு உண்டு, அது பெயர் வழியாக வருவதில்லை. கோடையில் இந்தச் செடியின் இலை முழுக்கக் காய்ந்து போகும். நிலத்தின் மேல் அடையாளமே இராது; கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். பருவம் திரும்பியதும் மேலே வரும். ஆண்டில் ஒரு பகுதி மண்ணுக்கடியிலும் மீதி வெளிச்சத்திலும் வாழ விதிக்கப்பட்டவள் பெர்செபொனி. துதி பாடியவர் இந்தப் பூவைத் தேர்ந்ததற்குச் சொல்லாராய்ச்சி தேவைப்படவில்லை, வயலைப் பார்த்தாலே போதும். வாசனை, நச்சு, மறைவு, மீள்வு எல்லாம் செடியிலேயே இருக்கின்றன. செடி இன்னும் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறது. கேலன்டமைன் என்ற மருந்து, முதலில் உறவுச் செடியான கேலன்தஸிலிருந்து எடுக்கப்பட்டது, டஃபோடிலிலும் கிடைக்கிறது. அல்சைமர் நோயாளிகளுக்கு நினைவு குலைவதைத் தணிக்கத் தருகிறார்கள். வேல்ஸில் இதற்காகவே டஃபோடில் பயிரிடுகிறார்கள். மரத்துப்போதல் என்று பிளினி சொன்ன விளக்கத்தில் இதற்கு இடமே இல்லை.

கடைசி மறுப்பு பக்தியின் பக்கத்திலிருந்து வருவது. பொருள் தெரியாத பெயரைச் சொல்லி வழிபடுவது வெறும் ஓசைதானே? நிருக்தத்தில் கௌத்ஸர் என்பவர் மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிடுகிறார். குருடன் தூணைக் காணாதது தூணின் குற்றமா என்று யாஸ்கர் திருப்பிக் கேட்கிறார். யாஸ்கரின் பதில் வேகமானது, ஆனால் எல்லாத் தூணும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. சில தூண்கள் விழுந்துவிட்டன. பெர்செபொனி என்ற பெயரே அப்படி ஒன்று: ஆளுக்கு ஆள் வேறு உருவில் உச்சரித்தார்கள், அச்சத்தோடு உச்சரித்தார்கள். கிராட்டிலஸ் உரையாடலில் அந்த அச்சத்தைப் போக்க சாக்ரடீஸ் அந்தப் பெயருக்கு ஞானம் என்று பொருள் கட்டித் தருகிறார். ஆனால் தெய்வப் பெயர்களுக்குள் புகுமுன்பே அவர் சொல்லியிருந்தது வேறு: தெய்வங்களைப் பற்றியும் அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்களைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது, பிரார்த்தனையில் செய்வதுபோல, அவர்களுக்கு எந்தப் பெயர் உவப்போ அதைச் சொல்லி அழைப்பதே நல்லது. இது பொருளை மறுக்கும் பேச்சில்லை. அழைப்பது வேறு, விளக்குவது வேறு என்று பிரிக்கும் பேச்சு. சோபோக்ளீஸின் கடைசி நாடகத்தில் கொலோனஸ் ஊர்ப் பெரியவர்கள் நார்சிசஸைப் பெருந்தேவியர் இருவரின், அதாவது டிமீட்டர், பெர்செபொனி இருவரின், பழைய மாலை என்று போற்றுகிறார்கள். பழையது என்பதற்கு மேல் அவர்கள் காரணம் கேட்கவில்லை. அந்த இருவரின் எலூசிஸ் சடங்குகள், பொருள் தெரியாத பெயர்களோடும் பொருள் தெரியாத பூவோடும், ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தன. அவை நின்றது கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்ததாலும், 396-இல் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படை அந்த வழியாக வந்ததாலும்.